நகைத் தொழிலுக்குக் கலைப் பட்டமா, பட்டறைப் பயிற்சியா? பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதி மாணவர்களுக்கு ஒரு விளக்கம்

பாலக்காடு: நாட்டின் முக்கியமான இரண்டு நகை நகரங்களுக்கு நடுவே அமைந்துள்ள மாவட்டம் பாலக்காடு. கிழக்கே வாளையாறு சோதனைச் சாவடியைக் கடந்தால் கோயம்புத்தூர். மேற்கே குதிரான் மலையைத் தாண்டினால் திருச்சூர். ஆயிரக்கணக்கான கைவினைஞர்கள் தங்க நகை செய்யும் ஊர் ஒன்று. கல்யாண், ஜோயாலுக்காஸ் போன்ற பெரும் நகை நிறுவனங்கள் வேரூன்றிய ஊர் மற்றொன்று. ஆகவே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பகுதிகளிலும், மலை ஏறினால் மறையூர், மூணாறு, குமுளி பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நகைத் தொழில் எட்டாத ஒன்றன்று. அதில் எந்த வாசல் வழியாக நுழைவது என்பதே கேள்வி. கலை அல்லது வடிவமைப்புப் பட்டப் படிப்பில் நான்கு ஆண்டுகள் செலவிடுவதா, அல்லது பட்டறையிலோ பயிற்சி நிலையத்திலோ அமர்ந்து கைத்தொழிலைக் கற்பதா?

இரண்டு வழிகளும் எதைத் தருகின்றன, எதைத் தருவதில்லை, எல்லைப்பகுதி மாணவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை எவை என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு நகைக்குப் பின்னால் எத்தனை பேர்?

நகைத் தொழில் என்பது ஒரே வேலையன்று. ஓர் அட்டிகை கடையின் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறுகிறது. முதலில் வடிவமைப்பாளர் வரைபடம் தயாரிக்கிறார். அதைக் கணினியில் முப்பரிமாண மாதிரியாக மாற்றுபவர் அடுத்தவர். அந்த மாதிரி மெழுகில் அச்சாகி, ரப்பர் அச்சு எடுக்கப்பட்டு, மெழுகு வார்ப்பு முறையில் தங்கமாகிறது. கையால் செய்யும் நகையானால் தங்கத்தை உருக்கி, தகடாகத் தட்டி, கம்பியாக இழுத்து, பொடி வைத்துப் பற்றவைக்கிறார் பொற்கொல்லர். பிறகு அரம் போடுதல், கல் பதித்தல், மெருகேற்றுதல் ஆகியவற்றுக்கு ஆங்காங்கே தனித்தனித் தொழிலாளர்கள் உள்ளனர். இறுதியாகத் தரம் சோதிக்கப்பட்டு ஹால்மார்க் முத்திரை பதிக்கப்படுகிறது. அதன் பிறகே விற்பனை.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணிகளும் படிப்பை அதிகம் கேட்கின்றன. நடுவில் உள்ளவை கைத்திறனைக் கேட்கின்றன. 'பட்டமா, பயிற்சியா' என்ற கேள்விக்கு விடை தேடும் முன், இச்சங்கிலியில் எந்த இடத்தில் நிற்க விரும்புகிறோம் என்பதை மாணவர் முடிவு செய்துகொள்வது நல்லது.

பட்டப் படிப்பு தருவது என்ன?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இத்துறையில் உள்ள பட்டப் படிப்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, நுண்கலைப் பட்டம். திருச்சூர், மாவேலிக்கரை, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களில் உள்ள நுண்கலைக் கல்லூரிகளும், தமிழ்நாட்டில் சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளும் ஓவியம், சிற்பம் போன்ற பிரிவுகளில் பட்டம் வழங்குகின்றன. மாமல்லபுரத்தில் உள்ள அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் கல், மரம், உலோகம் ஆகியவற்றில் மரபுச் சிற்பம் கற்பிக்கப்படுகிறது. இவை நகைப் படிப்புகள் அல்ல. ஆயினும் வடிவம், விகிதம், மரபு அலங்காரம் ஆகியவற்றில் இவை தரும் அடிப்படை, கோயில் நகை பாணியில் வடிவமைக்க விரும்புவோருக்குப் பெரிதும் கைகொடுக்கும். சுவாமிமலைச் சிலைகளை உருவாக்கும் மெழுகு வார்ப்பு முறையும், இன்றைய நகைத் தொழிற்சாலைகளின் வார்ப்பு முறையும் ஒரே அடிப்படைத் தத்துவத்தில் இயங்குபவை என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, வடிவமைப்புப் பட்டம். நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் நான்கு ஆண்டு வடிவமைப்புப் பட்டத்தில் அணிகலன் உள்ளிட்ட துணைப்பொருள் வடிவமைப்பைக் கற்பிக்கிறது. இதற்குச் சென்னையிலும் கண்ணூரிலும் வளாகங்கள் இருந்தாலும், வளாகத்துக்கு வளாகம் பாடப்பிரிவுகள் மாறுபடும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பாடப்பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். சேர்க்கை நுழைவுத் தேர்வு வழியாகவே நடைபெறுகிறது. 1966-இல் மத்திய அரசால் அமைக்கப்பட்ட ரத்தின, ஆபரண ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சிலின் ஆதரவில் இயங்கும் இந்திய ரத்தின, ஆபரண நிறுவனங்கள் மும்பை, ஜெய்ப்பூர், உடுப்பி முதலிய இடங்களில் நகைத் துறைக்கென்றே படிப்புகளை நடத்தி வந்துள்ளன. இவ்வகை நிறுவனங்களில் வரைதலோடு பட்டறைப் பயிற்சியும் பாடத்திட்டத்தின் ஒரு பகுதி.

பட்டத்தின் பெரும் பயன், அது ஒரு தொழிலோடு முடிந்துவிடுவதில்லை என்பதே. நகைத் துறை சுணங்கினாலும் பட்டதாரி வேறு வடிவமைப்புப் பணிக்குச் செல்லலாம். மேற்படிப்புக்கும், பட்டம் கேட்கும் அரசுத் தேர்வுகளுக்கும் தகுதி பெறுகிறார். பெரு நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவுகளில் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை கிடைப்பது வழக்கம்.

சமூகக் கோணத்திலும் இதற்கொரு முக்கியத்துவம் உண்டு. நகைப் பட்டறை நெடுங்காலமாக விஸ்வகர்மா குடும்பங்களுக்குள், தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறிய இடம். தோட்டத் தொழிலாளியின் மகளோ, விவசாயியின் மகனோ ஒரு பட்டறையில் சீடராகச் சேர்வதற்கு அறிமுகமும் நம்பிக்கையும் வேண்டும். தங்கம் புழங்கும் இடத்தில் முன்பின் தெரியாதவரை அமர்த்த உரிமையாளர்கள் தயங்குவார்கள். கல்லூரியும் பயிற்சி நிலையமும் அந்தத் தடையைத் தளர்த்தியுள்ளன. குறிப்பாகப் பெண்களுக்கு, வடிவமைப்பும் கணினி வரைகலையுமே இத்துறையில் பரவலாகத் திறந்துள்ள வாசல்கள்.

பட்டத்தின் குறை எங்கே?

காகிதத்தில் அழகாக இருக்கும் வடிவம் தங்கத்தில் நிற்காமல் போகலாம். கல்லைப் பிடிக்கும் நகம் எவ்வளவு கனத்தில் இருக்க வேண்டும், கொக்கி எங்கே தேயும், எந்த இடத்தில் பற்றவைத்தால் அருகிலுள்ள கண்ணி உருகும் என்பவை கையில் எடுத்துச் செய்து பார்த்தவருக்கே தெரியும். எடையும் ஒரு முக்கிய காரணி. எட்டு கிராம் கொண்ட ஒரு பவுனுக்குள் அடங்க வேண்டிய நகையை ஒன்பது கிராமாக வரைந்துவிட்டால், வாங்குபவரின் கணக்கே மாறிவிடும். பட்டறை அனுபவம் இல்லாத வடிவமைப்பாளரின் வரைபடங்கள் திருத்தத்துக்காகத் திரும்பி வருவதற்கு இவையே காரணம்.

பட்டறைப் பயிற்சி தருவது என்ன?

கோயம்புத்தூரின் பெரிய கடை வீதி, வைசியாள் வீதி, செல்வபுரம் பகுதிகளில் உள்ள பட்டறைகள் பலவும் சிறியவை. அங்கே கற்பவர் முதலில் அடுப்பும் ஊதுகுழலும் கையாளப் பழகுகிறார். பிறகு கம்பி இழுத்தல், வளையம் முறித்தல், அரம் போடுதல் எனப் படிப்படியாக முன்னேறுகிறார். தங்கம் 1064 டிகிரி செல்சியஸில் உருகும். பற்றவைக்கும் பொடி அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும். அந்த இடைவெளியை நெருப்பின் நிறத்தைக் கொண்டே கணிக்கும் கண், பல மாதப் பழக்கத்தில்தான் வாய்க்கும்.

கணக்கும் அங்கேயே கற்பிக்கப்படுகிறது. 22 காரட் தங்கம் என்பது 24 பங்கில் 22 பங்கு தூய தங்கம். அதாவது 11 கிராம் தூய தங்கத்துடன் ஒரு கிராம் செம்பு, வெள்ளி போன்ற உலோகத்தைச் சேர்த்தால் 12 கிராம் 22 காரட் தங்கம் கிடைக்கும். நகையில் பதிக்கப்படும் '916' என்ற எண் இந்த விகிதத்தையே குறிக்கிறது.

கைவினைஞரின் வருமானம் செய்கூலியையும் சேதாரத்தையும் பொறுத்தது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கடைக்காரர் 100 கிராம் தங்கம் கொடுத்து, மூன்று சதவீதம் சேதாரம் அனுமதிக்கிறார் என்று கொள்வோம். வேலை முடியும்போது உண்மையான இழப்பு இரண்டு கிராமாக இருந்தால் ஒரு கிராம் கைவினைஞருக்கு மிஞ்சும். நான்கு கிராமாக இருந்தால் ஒரு கிராமை அவரே ஈடுகட்ட வேண்டும். கைப்பக்குவம் நேரடியாக வருமானமாகவோ கடனாகவோ மாறுவது இவ்வாறே. பட்டறைத் தரையின் தூசியைக்கூடக் கூட்டிச் சேர்த்துத் தங்கத்தைப் பிரித்தெடுப்பதும் இதனால்தான்.

பட்டறை வழியின் சிறப்பு, கற்கும்போதே சிறு வருமானம் தொடங்கிவிடுவது. கல்விக் கட்டணம் இல்லை; நான்கு ஆண்டுக் காத்திருப்பும் இல்லை. மூணாறு, பீர்மேடு பகுதிகளில் தேயிலைத் தோட்ட வேலையோடு சேர்த்தே வழங்கப்படும் லயம் வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். பெற்றோர் பணி ஓய்வு பெற்றால் வீட்டையும் இழக்க நேரிடும் என்பதால், பிள்ளையின் முதல் வருமானம் எப்போது வரும் என்பது அங்கே வெறும் விருப்பத்தைச் சார்ந்த கேள்வியன்று.

பட்டறையின் ஆபத்துகள்

பட்டறை வழியில் சேருபவர் மூன்று விஷயங்களை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, உடல்நலம். தங்கத்தைச் சுத்திகரிக்கவும் பரிசோதிக்கவும் நைட்ரிக் அமிலம் பயன்படுகிறது. முன்பு 'கேடிஎம்' என்ற பெயரில் பரவலாக இருந்த, கேட்மியம் கலந்த பற்றவைப்பில் எழும் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. காற்றோட்டமில்லாத சிறு அறையில், முகக்கவசமின்றிப் பல மணி நேரம் குனிந்து செய்யும் வேலை கண்ணையும் முதுகையும் பதம் பார்க்கும்.

இரண்டாவது, சான்று இன்மை. பத்தாண்டு அனுபவமுள்ள ஒரு கைவினைஞர் வேறு ஊருக்கோ வளைகுடா நாட்டுக்கோ செல்லும்போது, தன் திறமையைக் காட்டும் காகிதம் எதுவும் கையில் இல்லாமல் போகிறது.

மூன்றாவது, சந்தையின் ஏற்ற இறக்கம். 1963-இல் மத்திய அரசு கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள், 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் நகை செய்வதற்குத் தடை விதித்தபோது நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலையிழந்து வறுமையில் வீழ்ந்தனர். பின்னர் 1968-இல் தனிச் சட்டமாகவே வந்த அந்தக் கட்டுப்பாடு 1990-இல்தான் நீக்கப்பட்டது. ஒரே கைத்தொழிலை மட்டும் நம்பியிருந்த தலைமுறை பட்ட அந்தப் பாடு, இன்றும் பல பொற்கொல்லர் குடும்பங்கள் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பக் காரணங்களுள் ஒன்று. தங்கத்தின் விலை ஏறும்போதெல்லாம் சிறு பட்டறைகளின் வேலை குறைவது இப்போதும் தொடர்கிறது. வார்ப்பு இயந்திரங்களும், மேற்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய கைவினைஞர்களும் தொழிலின் முகத்தை மாற்றியுள்ளனர்.

இடையில் பிறந்த புதிய வேலைகள்

பட்டத்துக்கும் பட்டறைக்கும் இடையே கடந்த சில ஆண்டுகளில் புதிய வேலைகள் உருவாகியுள்ளன. முதலாவது, கணினி வழி வடிவமைப்பு. ரைனோ, மேட்ரிக்ஸ் போன்ற மென்பொருள்களில் நகையை முப்பரிமாணத்தில் உருவாக்கி, எடையைக் கணக்கிட்டு, மெழுகு அச்சுக்கு அனுப்பும் பணி இது. குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகள் வழியாகவே இதைக் கற்க முடியும். எனினும், பட்டறையில் சில மாதங்களாவது அமர்ந்தவர் இதில் விரைவாகத் தேறுகிறார்.

இரண்டாவது, ஹால்மார்க் மையங்கள். 2021 ஜூன் முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. மதிப்பீட்டு மையம் இருக்கும் மாவட்டங்களே அப்பட்டியலில் இடம்பெற்றதால், தொடக்கத்தில் இடுக்கி அதில் இல்லை. பின்னர் அடிமாலியில் மையம் அமைந்த பிறகு நிலைமை மாறியது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எண்ணெழுத்து அடையாளக் குறியீடு இல்லாத தங்க நகையைக் கடைகள் விற்க முடியாது. இம்மையங்களில் எக்ஸ்-கதிர்க் கருவியால் முதற்கட்டச் சோதனையும், நகையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து உலையிலிட்டுச் செய்யும் துல்லியச் சோதனையும் நடைபெறுகின்றன. வேதியியல் படித்த பட்டதாரிகளுக்கு இங்கே இடமுண்டு. நகைத் துறையில் வேலை வேண்டும், ஆனால் வரையவோ பட்டறையில் அமரவோ நாட்டமில்லை என்பவர்கள், அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்தும் இத்துறைக்குள் வரலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

சான்றோடு கைத்திறன் பெற என்ன வழி?

தேசியத் தொழிற்பயிற்சித் திட்டத்தின் தொழிற்பிரிவுப் பட்டியலில் பொற்கொல்லர் பிரிவும் உண்டு. ஆனால் எல்லா ஐடிஐகளிலும் அது நடத்தப்படுவதில்லை. சேருமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். ரத்தின, ஆபரணத் துறைக்கான திறன் கவுன்சில் வழியாகக் குறுகிய காலப் பயிற்சிகளுக்கும், ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களின் திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் முறைக்கும் வாய்ப்புள்ளது. பட்டறையில் கற்றவர்களின் சான்று இன்மை என்ற குறைக்கு இதுவே நேரடியான தீர்வு. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், நிறுவனங்களில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரும் வழியும் உள்ளது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் பொற்கொல்லர் தொழிலும் ஒன்று. 18 வயது நிறைந்து, ஏற்கெனவே அத்தொழிலைச் செய்துவருவோருக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையுடன் பயிற்சி, கருவிகள் வாங்க 15,000 ரூபாய், முதல் தவணையில் ஒரு லட்சமும் அடுத்த தவணையில் இரண்டு லட்சமும் ஐந்து சதவீத வட்டியில் பிணையில்லாக் கடன் ஆகியவை இதில் அடங்கும். தமிழ்நாடு அரசு இத்திட்டத்தை ஏற்காமல், கலைஞர் கைவினைத் திட்டம் என்ற பெயரில் தனித் திட்டத்தைச் செயல்படுத்துகிறது.

எல்லைப்பகுதிக்கே உரிய சிக்கல்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்குப் பேருந்தில் சென்று வேலை பழகுபவர், குடும்ப அட்டையின்படி கேரள வாசி. எனவே தமிழ்நாட்டு அரசின் கைவினைத் திட்டங்களுக்கும், அம்மாநில இடஒதுக்கீட்டுச் சேர்க்கைக்கும் அவர் பொதுவாகத் தகுதி பெறுவதில்லை. தொழில் செய்யும் இடம் ஒரு மாநிலத்திலும், உரிமைக்கான ஆவணம் மற்றொரு மாநிலத்திலும் இருக்கும் இந்த நிலையில், அனைத்திந்திய அளவில் செல்லுபடியாகும் சான்றிதழ்களே அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு. கோவை குறிச்சியில் தங்க நகைத் தொழில் பூங்கா அமைக்கப்படும் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அத்தகைய ஒருங்கிணைந்த வளாகங்கள் பெருகும்போது, சான்றுள்ள தொழிலாளர்களுக்கான தேவையும் கூடும் என்று எதிர்பார்க்கலாம்.

மொழியும் ஒரு காரணி. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு வடிவமைப்பு நுழைவுத் தேர்வுகள் சவாலானவை. கோவைப் பட்டறையில் தமிழும், திருச்சூர் கடைகளில் மலையாளமும் தேவை. இரண்டும் பேசும் எல்லைப்பகுதி இளைஞர்களுக்கு இது சாதகமே. பாலக்காட்டு மாணவர் வீட்டிலிருந்தே சென்றுவரலாம். இடுக்கி மாணவருக்கு அது இயலாது. தங்கும் செலவையும் கணக்கில் சேர்த்தே அவர் முடிவெடுக்க வேண்டும்.

ஜெர்மனி காட்டும் வழி

ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில், 1767-இல் அநாதை இல்லம் ஒன்றில் கடிகார, நகைத் தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. பின்னாளில் 'தங்க நகரம்' என்றே பெயர் பெற்ற அவ்வூரில் இன்று பொற்கொல்லர் தொழிற்பள்ளியும், நகை வடிவமைப்பில் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமும் அருகருகே இயங்குகின்றன. அந்நாட்டில் பொற்கொல்லர் தொழிற்பழகுநர் பயிற்சி மூன்றரை ஆண்டுகள். வாரத்தின் ஒரு பகுதி பட்டறையிலும் மறுபகுதி பள்ளியிலும் கழியும். தேர்வில் வென்றவரின் சான்றுக்கு நாடு முழுவதும் மதிப்புண்டு. பட்டறைக்குச் சென்றவர் கல்வியை இழப்பதில்லை என்பதே அம்முறையின் பலம். நம் நாட்டில் இவ்விரண்டும் தனித்தனியே கிடப்பதால், இணைத்துக்கொள்ளும் பொறுப்பு மாணவரின் தோளிலேயே விழுகிறது.

யாருக்கு எது பொருந்தும்?

வரைவதில் ஈடுபாடும், நான்கு ஆண்டுகள் படிக்க வைக்கும் குடும்ப வசதியோ கல்வி உதவித்தொகையோ உள்ளவர்கள் வடிவமைப்புப் பட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அவர்கள் ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு பட்டறையில் அமர்ந்து பழகுவது, பட்டத்தின் மதிப்பை உயர்த்தும். விரைவில் சம்பாதிக்க வேண்டியவர்கள் பட்டறையையோ ஐடிஐயையோ தேர்ந்தெடுத்து, திறன் சான்றையும் கணினி வடிவமைப்பையும் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். தொலைநிலைக் கல்வி வழியாகப் பட்டம் பெறவும் தடையில்லை. நகைக்கென்று அமையாத பொதுவான கலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு நகைத் துறையில் வேலை தேடுவதே கடினமான வழி.

தனியார் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டும் முன் சில கேள்விகளைக் கேட்பது அவசியம். சான்றிதழைத் தேசிய அமைப்பு ஏதேனும் ஏற்கிறதா? ஒவ்வொரு மாணவருக்கும் தனி வேலைமேசை உண்டா? வாரத்தில் எத்தனை மணி நேரம் உலோகத்தில் கைவைத்துப் பயிற்சி? கற்பிப்பவர் பட்டறையில் வேலை செய்தவரா? சென்ற ஆண்டு படித்தவர்கள் இப்போது எங்கே பணிபுரிகிறார்கள்? கடைசிக் கேள்விக்கான விடையை விளம்பரத்தில் தேடாமல், படித்து முடித்தவர்களிடமே நேரில் கேட்டறிவது நல்லது.

கட்டணம் செலுத்தும் முன் ஒரு வாரம் ஏதேனும் ஒரு பட்டறையில் அனுமதி பெற்று உட்கார்ந்து பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. நெருப்பின் முன் குனிந்து அமரும் வேலை தனக்கு ஒத்துவருமா என்பதை அந்த ஒரு வாரமே பெரும்பாலும் சொல்லிவிடும்.